கிணறு பார்க்கிறவர் வீடு

அவர் இப்போது கிணறு பார்ப்பதில்லை அம்மணி. யார் சொல்லி வந்தாய்? லேப்காரர்களா? அவர்களுக்கும் தெரியும். தெரிந்தே அனுப்புகிறார்கள். சரி, வந்தது வந்தாய், கைக்குழந்தையோடு வெயிலில் நிற்காதே, உள்ளே வா. அந்த நாற்காலி வேண்டாம், ஒரு கால் ஆடும். இதில் உட்கார். ஃபேன் காற்று குழந்தை முகத்தில் நேராக அடிக்கிறதா? கொஞ்சம் தள்ளிக்கொள்.

நாச்சிமுத்து ஐயா வீடுதான். சரியாகத்தான் வந்திருக்கிறாய். உள் அறையில் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். தூங்கவில்லை, நாம் பேசுவதெல்லாம் அவருக்குக் கேட்கும். ஆனால் நீ என்ன கேட்டாலும் பதில் வராது. அவர் பேசுவதில்லை. பங்குனியில் மாரியம்மன் நோன்பு சாட்டிய சமயத்தில் வாயை மூடியவர், ஆடிப்பெருக்கும் போய்விட்டது, இன்னும் திறக்கவில்லை. என்னோடு மட்டும் என்று நினைத்துவிடாதே. யாரோடும் இல்லை. டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, தொண்டையில் ஒன்றுமில்லை அம்மா, இவர் நினைத்தால் பேசலாம் என்றார். நினைத்தால் பேசலாம் என்று சொல்வதற்கு ஒரு டாக்டர்.

அதனால்தான் உன்னை உட்காரச் சொன்னேன். உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நீ கிணற்று விஷயமாக வந்திருக்கிறாய். நான் சோறு, குழம்பு, கரண்ட் பில் என்று பேசினால் அவருக்கு ஏறுவதில்லை. கிணறு என்றால் ஒருவேளை வாய் வரும். நீ கொஞ்சம் சத்தமாகவே பேசு. உன் வீட்டுக் கிணறு எங்கே இருக்கிறது, எத்தனை உறை, செப்டிக் டேங்க் எந்தப் பக்கம், எல்லாம் அந்தக் கதவைப் பார்த்துச் சொல். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் எனக்கு. என்னிடம் சொல்ல வேண்டாம், உன்னிடமே சொல்லட்டும். இந்த வீட்டில் என் குரல் ஒன்றையே கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துவிட்டது.

சொன்னாயா? சரி. அவருக்குக் கேட்டிருக்கும். காத்திருப்போம்.

மோர் குடிக்கிறாயா? பைப்புத் தண்ணீர்தான், காவிரித் தண்ணீர். எங்கள் வீட்டில் கிணறே கிடையாது. கிணறு பார்க்கிறவர் வீட்டில் கிணறு இல்லை என்று தெருவில் கேலி செய்வார்கள். கிணறு பார்க்கிறவர் என்றதும் ஜனங்கள் என்ன நினைப்பார்கள் தெரியுமா? உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நிலத்தில் நடந்து நீரோட்டம் பார்ப்பார்களே, அந்த ஆள் என்று நினைப்பார்கள். ஒருமுறை ஒருத்தர் இவரைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் வெறும் மேட்டுக்காட்டில் இறக்கிவிட்டு, எங்கே வெட்டலாம் என்று கேட்டிருக்கிறார். "நீங்க வெட்டி முடிச்சுட்டுக் கூப்பிடுங்க, அப்புறந்தான் என் வேலை" என்று சொல்லிவிட்டு வெயிலில் நடந்தே வந்தார்.

இவர் வேலை வீட்டுக் கிணறு. வீடு வாங்குகிறவர்கள் அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கூப்பிடுவார்கள். வயிற்றுப்போக்கு நிற்கவில்லை என்றால் கூப்பிடுவார்கள். ஒரு முகம் பார்க்கிற கண்ணாடி வைத்திருப்பார். கிணற்று மேட்டில் நின்று வெயிலைக் கண்ணாடியில் பிடித்து உள்ளே அடிப்பார். சுவர் முழுக்க வெளிச்சம் சுற்றிவரும். மேல் உறையில் எங்காவது ஈரம் கசிகிறதா, பாசி இறங்குகிறதா என்று பார்ப்பார். கசிந்தால், அது ஊற்று இல்லையாம். மேலே இருக்கிற அழுக்குத் தண்ணீர் குறுக்கு வழியில் உள்ளே வருகிறதாம். அப்புறம் பாட்டிலில் தண்ணீர் எடுத்து லேப்புக்குக் கொண்டு போவார். ஜனங்கள் கிணற்று டாக்டர் என்பார்கள். அவருக்கு அதில் உள்ளுக்குள் பெருமைதான்.

பேச்சு மட்டும் வராது. அந்தக் காலத்திலிருந்தே அப்படித்தான். ஒரு வாக்கியத்தை ஆரம்பித்துவிட்டு, நடுவில் நின்று யோசிப்பார். எதிரில் இருக்கிறவர்கள் எவ்வளவு நேரம் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்? நான்தான் முடித்து வைப்பேன். அவர் சொல்ல வருகிறது எனக்குத் தெரியாதா? "நாளைக்கு நான்..." என்பார். "வரமாட்டாருங்க, வெளியூர் போறார்" என்பேன். கல்யாணமான புதிதில் என் மாமியார்கூடச் சொன்னார், "இவன் வாய் உன் மூஞ்சியில இருக்குதாக்கும்" என்று. நான் அடுத்தவர் விஷயத்தில் தலையிடுகிற ஆள் இல்லை. அவர் கஷ்டப்படக் கூடாது என்று செய்ததுதான்.

அந்தக் குழந்தை காலை உதறுகிறது பார். ஈரம் செய்துவிட்டதோ? இல்லையா, சரி.

எங்களுக்கு ஒரே பெண். தாரணி. படிப்பு, வேலை எல்லாம் நல்லபடிதான். ஜாதகத்தில்தான் செவ்வாய். வருகிற இடமெல்லாம் வாசலோடு போய்விடும். சொந்தக்காரர்கள் வீட்டு விசேஷத்துக்குப் போனால், "இன்னும் ஒண்ணும் அமையலையா?" என்று கேட்பதற்கென்றே பக்கத்தில் வந்து உட்காருவார்கள். முப்பதைத் தொடப் போகிறாள். எனக்குத் தூக்கம் போயிற்று. இவர், "அமையும்போது அமையட்டும்" என்பார். ஆண்களுக்கு என்ன, சொல்லிவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடலாம்.

அப்போதுதான் ராசிபுரம் போகிற வழியில் அந்த இடம் வந்தது. கோழிப்பண்ணைக்காரர்கள். பையனும் நல்ல பையன், தப்பு சொல்ல மாட்டேன். பொருத்தம் பார்த்தாயிற்று, பெண் பார்த்தாயிற்று. மாப்பிள்ளை வீடு பார்க்க நாங்கள் ஒரு வேன் நிறையப் போனோம்.

உங்கள் பக்கம் எப்படியோ, எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனால், பேச்சு முடிகிற வரைக்கும் அங்கே கை நனைக்க மாட்டோம். ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. எல்லாம் பிடித்து, சரி என்று ஆன பிறகுதான் தண்ணீர் கொண்டுவருவார்கள். அதைக் குடித்தால் சம்மதம். குடிக்காமல் எழுந்தால் வேண்டாம் என்று அர்த்தம். வாயால் சொல்லவே வேண்டாம். அவ்வளவு பெரிய விஷயம் அந்த ஒரு டம்ளர்.

பேச்செல்லாம் நல்லபடி முடிந்தது. நடுவில் இவரைக் காணவில்லை. எங்கே என்று பார்த்தால் கொல்லைப் பக்கம் கிணற்று மேட்டில் நிற்கிறார். பழக்க தோஷம். கண்ணாடி கொண்டுவரவில்லை, அதனால் கைக்கடிகாரத்தைக் கழற்றி அதில் வெயிலைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். எனக்கு உடம்பு கூசிவிட்டது. போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்தேன். வெள்ளி டம்ளரில் தண்ணீர் வந்தது. எங்கள் பங்காளிகள் எல்லோரும் குடித்தார்கள். இவர் எடுத்தார், பார்த்தார், கீழே வைத்துவிட்டார்.

கூடத்தில் எல்லோரும் அந்த டம்ளரையே பார்த்தார்கள். பையனின் அப்பா, பெரிய மனிதர், மெதுவாகத்தான் கேட்டார். "ஏனுங்க, நம்ம பக்கம் ஏதாச்சும் கொறையிங்களா? இருந்தாச் சொல்லிப்போடுங்க."

இவர் வாயைத் திறந்தார். "அது வந்துங்க, கெணறு..."

அடுத்தது என்ன வரும் என்று எனக்குத் தெரியும் அம்மணி. முப்பது வயதுப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறவளுக்குத் தெரியும். "அவருக்குப் பல்லுக் கூச்சமுங்க, பச்சைத் தண்ணி ஆகாது" என்று சொல்லி, அவர் டம்ளரை எடுத்து நானே முழுக்கக் குடித்தேன். எல்லோரும் சிரித்தார்கள். "வூட்டுக்காரருக்குப் பதிலா இந்தம்மாவே சம்மதம் சொல்லிப்போட்டாங்க" என்று ஒருத்தர் சொன்னார். அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இனித்தது. நான் பொய் சொல்லவில்லை. நாக்கு என்று ஒன்று எனக்கும் இருக்கிறது இல்லையா?

வேனில் ஆட்கள் இருந்ததால் இவர் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஆரம்பித்தார். கோழிக் கொட்டகை மேட்டில் இருக்கிறதாம், கிணறு தாழ்வில் இருக்கிறதாம். எருக்குவியல் கிணற்றுச் சுவரோடு ஒட்டிக் கிடக்கிறதாம். மேல் உறை முழுக்கக் கசிவாம். "ஒரே ஒரு பாட்டில் எடுத்துப் பாத்துடறேன்" என்கிறார். எப்படி இருக்கும் யோசித்துப் பார். சம்பந்தம் பேசி வந்த வீட்டுக்குப் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு போய், உங்கள் தண்ணீர் சுத்தமா என்று பார்க்க வந்தேன் என்றால், செருப்பால் அடிக்க மாட்டார்களா? அந்த வீட்டில் அத்தனை பேரும் கல்லு மாதிரி இருக்கிறார்கள். அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இருக்கிறார்கள்.

தாரணி அடுத்த அறையில் தரையில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள், இதெல்லாம் அவள் காதில் விழவில்லை. இவரை அங்கே கூட்டிப் போய், கையைப் பிடித்து அவள் தலையில் வைத்து, இவர் காதோடு சொன்னேன். "இவ தலைமேல சத்தியம் பண்ணுங்க. அந்தக் கெணத்தைப் பத்தி அவங்ககிட்டயும், இவகிட்டயும், யாருகிட்டயும் வாயைத் தெறக்க மாட்டேன்னு சொல்லுங்க." அவள் நிமிர்ந்து, "என்னப்பா?" என்றாள். அவர் கொஞ்ச நேரம் கையை எடுக்காமலே நின்றார். அப்புறம், "ஒண்ணுமில்ல கண்ணு" என்றார். எனக்கு அது போதும். சத்தியம் செய்ததாகத்தானே அர்த்தம்?

நல்லபடி கல்யாணம் முடிந்தது. யாரும் ஒரு குறை சொல்லவில்லை.

முதல் பிரசவம் இங்கேதான். பையன். மூக்கு இவருடையது. இவர் வேலைக்குப் போய் வந்ததும் கையைக் காலைக் கழுவிக்கொண்டு மடியில் வாங்கிக்கொள்வார். அப்போது பேச்சு வந்தது பார். குழந்தையோடு மட்டும் வாக்கியம் வாக்கியமாகப் பேசுவார். அது பதில் சொல்லாது, நானும் நடுவில் புக மாட்டேன். என்னவோ பேசிக்கொண்டே இருப்பார்.

மூன்றாம் மாதம் கொண்டுபோய் விட வேண்டிய முறை. சம்பந்தி அம்மாவுக்கு மூட்டில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதனால் நானும் கூடப்போய் ஒத்தாசையாக இருந்தேன். தாரணிக்கு அங்கே போனதும் பால் சுண்டிவிட்டது. புட்டிப்பால்தான். உனக்கும் அப்படித்தானா? பவுடர்தானா? ஒன்றும் தப்பில்லை அம்மணி, கவலைப்படாதே. நீ கவலைப்பட்டால் இருக்கிறதும் நின்றுவிடும்.

இவர் என்ன செய்தார் தெரியுமா? வாரா வாரம் வண்டியில் தண்ணீர்க் கேனை வைத்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றார். கிணறு என்ற பேச்சே எடுக்கவில்லை. சத்தியத்தைக் காப்பாற்றினார், அதில் குறை சொல்ல மாட்டேன். "கொழந்தைக்கு இதுல கலக்குங்க" என்பார், கேனை இறக்கி வைப்பார், போய்விடுவார். சம்பந்தி அம்மா காலை நீட்டி உட்கார்ந்துகொண்டு பார்ப்பார். ஒருநாள், "ஏனுங்க, எங்க தண்ணியில சேறா கெடக்குது? பேரனுக்குத் தாத்தனூட்டுத் தண்ணி வந்தாத்தான் எறங்குமாக்கும்" என்றார். பண்ணை ஆட்கள்கூடச் சிரித்தார்கள். தாரணி முகம் சிறுத்துப் போயிற்று. அவள் அங்கே வாழ வேண்டியவள். ஒரு கேன் தண்ணீருக்காக வாழ்நாள் முழுக்கப் பேச்சு வாங்க முடியுமா?

அடுத்த தடவை அவர் வந்தபோது கேட்டிலேயே மறித்தேன். "இனிமே இதைத் தூக்கிக்கிட்டு வராதீங்க. மானம் போகுது" என்றேன். அவர் என்னைப் பார்த்தார். உள்ளே திண்ணென்று உட்கார்ந்திருந்த சம்பந்தியைப் பார்த்தார். வாய் திறந்தார். நான் கண்ணைக் காட்டினேன், மூடிக்கொண்டார். "பயப்படாதீங்க, நல்லாக் காச்சித்தான் குடுப்பேன், எனக்குத் தெரியாதா" என்றேன். தலையை ஆட்டினார். வேகமாக, ஒரு மாதிரி ஆட்டினார். சரி என்று ஆட்டினாரா, வேண்டாம் என்று ஆட்டினாரா, நான் கவனிக்கவில்லை. உள்ளே குழந்தை அழுதது. போய்விட்டேன். கேனோடு வண்டி திரும்பிப் போகிற சத்தம் கேட்டது.

நான் சொன்னபடி செய்தேன். இதில் என்னைக் குற்றம் சொல்ல ஆள் பிறந்து வர வேண்டும். காலையில் எழுந்ததும் முதல் வேலை அதுதான். கேஸ் அடுப்பில் வைத்தால் சும்மா கொதிக்கும், அவ்வளவுதான். கொல்லையில் விறகடுப்பு மூட்டி, பித்தளைப் பாத்திரத்தில் தண்ணீர் வைத்து, கஷாயம் வைக்கிற மாதிரி பாதியாகச் சுண்டுகிற வரைக்கும் காய்ச்சுவேன். வெள்ளைத் துணியில் வடிகட்டுவேன். ஆறியதும் சாயங்காலம் மறுபடி ஒரு கொதி. சம்பந்தி அம்மாவே, "உங்க அம்மா மாதிரி யாரு பாக்கறா?" என்று தாரணியிடம் சொன்னார். எந்தப் பூச்சி உயிரோடு இருக்கும் அந்தத் தண்ணீரில்?

குழந்தை கொஞ்சம் கருத்த மாதிரி இருந்தது. தாத்தா நிறம் இப்போதுதான் வெளியே வருகிறது என்றார்கள். அப்புறம் உதட்டில் நீலம். நகத்தில் நீலம். பனி என்று நினைத்தேன், குல்லா போட்டேன், தலைக்குத் தைலம் தேய்த்தேன். கண்ணேறு என்று மிளகாய் சுற்றிப் போட்டார்கள். பால் குடிப்பது குறைந்தது. குடிக்கிறதாவது சத்தாக இருக்கட்டும் என்று நான் இன்னும் நன்றாகக் காய்ச்சினேன். அழுகையும் குறைந்தது. அடங்கிவிட்டான், சமர்த்து ஆகிவிட்டான் என்று நான்தான் சொன்னேன்.

மாப்பிள்ளைதான் ஒருநாள் பண்ணையிலிருந்து வந்து, குழந்தையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, காரை எடுத்தார். சேலத்துக்குக் கொண்டு போனோம். ரத்தம் எடுத்தார்கள். அது சிவப்பாக இல்லை. சுக்குக் காப்பி மாதிரி இருந்தது ஊசிக்குள். அந்த டாக்டர், சின்ன வயது, நோய் என்ன என்று சொல்வதற்கு முன்னாலே என்ன தண்ணீர் என்று கேட்டார். "காச்சின தண்ணிதானுங்க டாக்டர்" என்றேன். எங்கிருந்து என்றார். கிணறு என்றேன். எவ்வளவு நேரம் காய்ச்சினீர்கள் என்றார். பாதியாகச் சுண்டுகிற வரைக்கும் என்றேன். நான் ஒன்றும் தெரியாதவள் என்று நினைத்துவிடக் கூடாது அல்லவா? அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டார். அதற்கப்புறம் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. மாப்பிள்ளையை வெளியே கூட்டிப் போய் இங்கிலீஷில் பேசினார். நான் ஆறாவதோடு நின்றவள். மாப்பிள்ளை உள்ளே வந்தபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. அவர் எப்போதும் அப்படித்தான், மாமியாரிடம் மரியாதை.

காலம் தாழ்த்திக் கொண்டு வந்துவிட்டோம் என்றார்கள்.

அவ்வளவுதான் அம்மணி. அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை.

நீ அழாதே. நானே அழவில்லை. வரவில்லை எனக்கு. வெங்காயம் நறுக்கினால்கூட வருவதில்லை. தலைக்குள் பஞ்சை வைத்து அடைத்த மாதிரி இருக்கிறது. வேலை எல்லாம் செய்கிறேன். வாசல் கூட்டுகிறேன், கோலம் போடுகிறேன். போட்டு முடித்த பிறகு பார்த்தால், முந்தின நாள் கோலத்தின் மேலேயே போட்டிருப்பேன்.

அப்புறம்தான் ஏதோ உப்பு என்று ஒரு கதை வந்தது. கோழி எருவிலிருந்து இறங்கிக் கிணற்றில் கலக்கிற உப்பாம். பார்த்தால் தெரியாதாம், குடித்தால் தெரியாதாம். பெரியவர்களை ஒன்றும் செய்யாதாம், பச்சைக் குழந்தையின் ரத்தத்தை மட்டும் கெடுக்குமாம். நாக்குக்குத் தெரியாத உப்பு என்ன உப்பு? இத்தனை வருஷம் சமைக்கிறேன், உப்பு எனக்குத் தெரியாதா? நான் அந்தத் தண்ணீரைத் தினமும் குடித்தேன். இனித்தது. அப்படியே ஏதாவது இருந்திருந்தாலும் நான் காய்ச்சிய காய்ச்சுக்குப் போயிருக்கும். டாக்டர்கள் என்னத்தையாவது சொல்லத்தானே வேண்டும்.

எனக்கு இருக்கிற குறை அது இல்லை. என் குறை இவர்மேல்.

காரியம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லாம் போன பிறகு, தாரணி வந்து இவர் எதிரில் நின்றாள். என் எதிரில் இல்லை, இவர் எதிரில். "அப்பா, நீங்க எல்லாரூட்டுக் கெணத்தையும் பாப்பீங்க. எங்க கெணறு உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?" என்று கேட்டாள். இவர் நிற்கிறார். வாய் அசைகிறது, சத்தம் வரவில்லை. தெரியாது கண்ணு என்று ஒரு வார்த்தை சொன்னால் என்ன? பெற்ற பிள்ளைக்கு ஆறுதலாக ஒரு பொய் சொல்லக் கூடாதா? நான்தான் வழக்கம்போல, "அவருக்கு என்னடி தெரியும், அவரைப் போய்க் கேக்கற" என்றேன். இவர் திரும்பி என்னைப் பார்த்தார். தாரணி அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு மூடிய வாய். அவளும் போன் செய்வதில்லை. நான் செய்தால் எடுக்க மாட்டாள். அப்பா பேசினால் எடுப்பாள் என்று நினைக்கிறேன். நான் இவரிடம் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டேன். திட்டினேன், கும்பிட்டேன். ஒருநாள் சமைக்காமல் படுத்துக்கொண்டேன். அவர் எழுந்து வந்து கஞ்சி வைத்து என் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். சாப்பிடு என்று ஒரு வார்த்தை இல்லை. அந்தக் கிணற்றைப் பற்றிப் பேச வேண்டாம் என்றுதானே நான் சொன்னேன்? பேசவே வேண்டாம் என்றா சொன்னேன்? கூடவே இருந்து வாழ்கிறவளுக்கு இதைவிட என்ன தண்டனை வேண்டும், நான் செய்த தப்புதான் என்ன?

பார், குழந்தை எழுந்துவிட்டது. பசிதான். அது பசி அழுகை, எனக்குத் தெரியும். பையில் பவுடர் இருக்கிறதா? தண்ணீர்? ஃபிளாஸ்க்கில் கொண்டு வந்தாயா, கெட்டிக்காரி. எங்கே கொடு. உங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரா? காலையில் காய்ச்சியதா? வெதுவெதுப்பாகத்தான் இருக்கிறது. இப்படியே கலக்காதே. இங்கே கொடு, அடுப்பில் வைத்து இன்னொரு கொதி கொதிக்க வைத்துத் தருகிறேன். பக்கத்தில் பண்ணை இருக்கிறது என்று சொன்னாயே, அதற்காகப் பயந்துதானே வந்தாய்? ஒன்றும் பயப்படாதே. கெட்ட தண்ணீர் என்று சந்தேகம் வந்தால் சும்மா கொதித்தால் போதாது, நன்றாகச் சுண்ட விட்டு...

"காச்சாதே அம்மணி."

இரு. பேசாதே. குழந்தையைக் கொஞ்சம் அமர்த்து. நீ கேட்டாயா? உனக்கும் கேட்டதா? எனக்கு மட்டும்தான் கேட்டது என்று இல்லையே? அவர் குரல்தான். கரகரவென்று இருக்கிறது, ஆனால் அவர் குரல்தான். பேசிவிட்டார். மாரியம்மா.

தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அவர் என்ன சொல்ல வருகிறார் என்றால், அரைகுறையாகக் காய்ச்சாதே, நன்றாகக் காய்ச்சிக் கொடு என்று...

"இல்ல. காச்சவே கூடாது. அந்தத் தண்ணிய எடுக்கவே எடுக்காதே."

எழுந்து வருகிறார். இந்தா, இங்கே உட்காருங்க. நிற்க முடிகிறதா? லுங்கியைச் சரியாகக் கட்டுங்க, வெளி ஆள் இருக்கிறது. ஃபிளாஸ்க்கை எதற்கு வாங்குகிறீர்கள்? அது அந்தப் பெண்ணுடையது. ஐயோ, எதற்கு அதை முற்றத்தில் ஊற்றுகிறீர்கள், பாவம், எவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். அம்மணி, ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. இத்தனை மாதம் கழித்து எழுந்து வந்திருக்கிறார்.

"நம்மூட்டுக் கொடத்துல பைப்புத் தண்ணி காச்சி ஆற வெச்சது இருக்குது. அதுல கலக்கிக் குடு அம்மணி. வூட்டுக்குப் போயும் கெணத்துத் தண்ணி வேண்டாம். பாட்டில்ல எடுத்து லேப்புல குடு. முடிவு வர்ற வரைக்கும் கேன் தண்ணி. அதுல இருக்கறது பூச்சி இல்ல, காச்சினா சாகறதுக்கு. உப்பு."

இவர் பேசுகிறார் பார். எவ்வளவு பேசுகிறார். நடுவில் நிற்கவே இல்லை.

"தண்ணி ஆவியாப் போயிரும். உப்பு போகாது, அங்கயேதான் கெடக்கும். நீயும் சமைக்கறவதானே, நீயே சொல்லு. கொழம்பு சுண்டச் சுண்ட உப்பு கூடுமா, கொறையுமா?"

ஏன் அம்மணி என்னைப் பார்க்கிறாய்? உன்னைத்தானே கேட்கிறார். பதில் சொல். இத்தனை நாள் கழித்து ஒரு மனுஷன் வாயைத் திறந்து ஒன்று கேட்கிறார், தெரியாதது மாதிரி தலையைக் குனிந்துகொண்டால் எப்படி? எந்தப் பெண்ணுக்கும் தெரிகிற விஷயம்தானே இது? சரி, நீ சொல்லாவிட்டால் நானே சொல்கிறேன்.

கூடும்.